இடது பக்கம் யாருக்கு?

1981 அக்டோபர் 5, திங்கள்
மாட்சுகாஸே குடியிருப்பு, அறை 102, ஓசாக்கா

202-ஆம் அறையில் குடியிருப்பவர் அவர்களுக்கு,

உங்கள் காலுக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயர் தொகோரோ ஃபுமியே. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உங்கள் அறையில் எதையோ போட்டு இடித்தீர்கள். அதற்கு நீங்கள் சங்கீதம் என்று பெயர் வைத்திருக்கலாம். கூரை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது ‘துப் துப்’ மட்டும்தான். மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பை கூட நடுங்கியது.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். கூட்டங்களில் பேசுவதை டேப்பில் பதிவு செய்து அனுப்புவார்கள். நான் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று ஒரு சொல் விடாமல் எழுதிக் கொடுப்பேன். அதற்கு முந்தின ஞாயிறும் இதே கூத்துதான். அன்று ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தின் டேப். தலைவர் வேலைநிறுத்தம் ‘செய்ய மாட்டோம்’ என்று சொன்னது உங்கள் ‘துப் துப்’ சத்தத்தில் பாதி முழுகிப்போய், நான் ‘செய்வோம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இன்று காலை ஏஜென்சிக்காரர் போனில் என்ன சொன்னார் தெரியுமா? “தொகோரோ அம்மா, உங்க ஒரு சொல்லால ஒரு ஆலைக்கே கதவு சாத்தியிருப்பாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா டேப் வராது, சொல்லிட்டேன்.” இத்தனை வருடத்தில் என்னை யாரும் இப்படிப் பேசியதில்லை.

ஏப்ரலில் குடிவந்தபோது, பக்கத்து அறைகள் இரண்டுக்கும் சந்துக்கு எதிரே மூன்று வீட்டுக்கும் போய், துண்டு கொடுத்து வணங்கிவிட்டு வந்தீர்கள். நல்ல துண்டு, நீலக்கரை போட்டது. சலவைக்கடை ஹிராய் அதை வைத்துத்தான் வேன் கண்ணாடி துடைக்கிறார். உங்கள் சத்தத்தை முதலில் வாங்கிக்கொள்ளப்போகிறவள் கீழ்வீட்டுக்காரி. அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. வந்து முகம் காட்டாதவரோடு நான் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பதிலைக் கடிதமாகவே போடுங்கள். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது, காதில் ஹெட்போன் இருக்கும்.

கீழ்வீட்டார் எழுத்தில் புகார் தந்தால் மேல்வீட்டார் காலி செய்ய வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. வீட்டுக்காரம்மா அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

தொகோரோ ஃபுமியே


1981 அக்டோபர் 6
அறை 202

தொகோரோ அவர்களுக்கு,

இலைகள் சிவக்கத் தொடங்கும் காலம். தாங்கள் நலம் என நம்புகிறேன்.

முதலில் துண்டு. நான் துறைமுக ஊர்க்காரன், சக்காய்மினாதோ. எங்கள் ஊரில் புதிதாகக் குடிபோனால் எதிரே மூன்று வீடு, பக்கத்தில் இரண்டு வீடு. அம்மா சொல்லிக் கொடுத்த முறை அது. எங்கள் வீட்டுக்குக் கீழே மண்தான் இருந்தது. மண்ணுக்கு யாரும் துண்டு கொடுத்ததில்லை. இங்கே மண்ணுக்குப் பதில் தாங்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. தவறு என்னுடையது. இத்துடன் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து சத்தம். அது கடையிலிருந்து சோதித்துப் பார்க்க வாங்கி வந்த ஸ்பீக்கர். ஒன்று முப்பது கிலோ. 18-ஆம் தேதி திருப்பித் தருகிறேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சரக்குக் கப்பலில் முப்பது வருடம் ரேடியோ ஆபரேட்டர். முப்பது வருடமும் காதில் ஹெட்போன், அதில் தந்தியின் ‘டிக் டிக்’ சத்தம். போன துறைமுகத்தில் எல்லாம் இசைத்தட்டு வாங்கினேன். கப்பலில் தட்டு சுழற்ற முடியாது, கடல் ஆட்டும். கரையேறியதும் ஒரு அறை, இரண்டு ஸ்பீக்கர், எதிரே நான் என்று முடிவு செய்திருந்தேன். மார்ச்சில் ஓய்வு பெற்றேன். காதில் ரீங்காரம். இனி ஹெட்போனைத் தொடவே கூடாது என்கிறார் டாக்டர்.

ஆகவே ஸ்பீக்கர் வாங்குவேன். இந்த ஆண்டு முடிவதற்குள் வாங்குவேன். புகார் எழுதுவது தங்கள் உரிமை.

உகாய் தெட்சுரோ


அக்டோபர் 8

உகாய் அவர்களுக்கு,

துண்டு திரும்பி வருகிறது. ஆறு மாதம் கழித்து வரும் துண்டை எந்த ஓசாக்காக்காரியும் வாங்க மாட்டாள். இலை சிவப்பதும் எனக்கு ஜன்னல் வழியாகத் தெரியும். அடுத்த கடிதத்தில் நேராக விஷயத்துக்கு வரலாம்.

என்னை மண் என்று எழுதியதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அதற்காக இளகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

காது விஷயம் என்பதால் புகாரைத் தள்ளி வைக்கிறேன். நானும் காதை வைத்துப் பிழைக்கிறவள். காது போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் என் வயிற்றில் அடித்துக்கொண்டு நீங்கள் சங்கீதம் கேட்க முடியாது. எந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் நான் கீழே இருந்து கேட்பேன். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். அந்த நேரத்தில் என் டேப்பை ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள். விளங்காவிட்டால் தலைகீழாக நின்றாலும் விடமாட்டேன்.

ஃபுமியே


அக்டோபர் 19

தொகோரோ அவர்களுக்கு,

பருவ வாழ்த்தை விட்டுவிட்டேன். கை கொஞ்சம் தடுமாறுகிறது, அதில்லாமல் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லை.

நேற்று நிப்போன்பாஷி மின்சாமான் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் இப்போது ஸ்பீக்கரை எடை பார்த்து வாங்குகிறார்கள். எல்லாக் கடையிலும் ஒரே விலை, ஒரே உயரம். வாங்க வந்தவர் குனிந்து பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறார், முதுகு பிடித்துக்கொண்டால் நல்ல பெட்டி என்று தீர்மானிக்கிறார். போன மாதம் நானும் அப்படித்தான் தீர்மானித்தேன்.

கடைக்காரர் மக்கினோ என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார். நான் கேப்டன் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

“என்ன கேப்டன், யானையைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?”

“கீழ்வீட்டுல ஒத்துக்கல.”

“அட, கீழ்வீடா? ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக் குடுங்க, சரியாப் போயிடும்.”

“அந்தம்மா துண்டையே திருப்பிட்டாங்க.”

மக்கினோ அதைக் கேட்டு வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்களுக்கும் சொன்னார். பிறகு கடைக்குப் பின்னால் போய், சாப்பாட்டுப் பெட்டி பெரிதாக இருந்தால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவில் இரண்டு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒரே ஒரு கூம்பு. “ஆறு பாய் விரிக்கிற ரூமுக்கு இது போதும் கேப்டன். ஆனா இதை வாங்கிட்டுப் போனா பக்கத்துல யார்கிட்டயும் பீத்திக்க முடியாது, அதான் ஒருத்தரும் வாங்குறதில்லை.” என் ஓய்வூதியத்துக்கு எட்டும் விலை.

ஒரு வாரம் கடன் வாங்கி வந்திருக்கிறேன். 25-ஆம் தேதி, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. தட்டு: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று, நான்கு பேர் வாசிப்பது. எல்லோரும் செய்வதுபோல் கான்கிரீட் கட்டை மேல் வைத்து, அடியில் பத்து யென் காசுகளை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உகாய்


அக்டோபர் 26

உகாய் அவர்களுக்கு,

என் தீர்ப்பு: பாதி.

அந்தப் பழைய துப் துப் போய்விட்டது. அதற்கு நன்றி. ஆனால் கட்டையையும் காசையும் எடுத்துவிடுங்கள். இது மர வீடு, உங்கள் பாயும் அதற்கடியில் பலகையும் சேர்ந்து என் தலைக்கு மேல் ஒரு மேளம். கட்டை வைத்தால் மேளத்தைக் குச்சியால் அடிக்கிற மாதிரிதான். ஹிராயிடம் பழைய சைக்கிள் ட்யூப் கிடைக்கும். பாதிக் காற்றடித்து அதன் மேல் வையுங்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகச் செய்ய நீங்கள் என்ன பள்ளிக்கூடப் பையனா?

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். என் வாய் சும்மா இருக்காது, எழுதிவிடுகிறேன்.

மாடிப்படிப் பக்கத்துப் பெட்டி எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஒரு வயலின்காரர் அங்கேயிருந்து விடாமல் வாசிக்கிறார். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆள், எனக்குத்தான் வாசிக்கிறார். குளியலறைப் பக்கத்துப் பெட்டி கேட்கவே இல்லை. பெரிய ஸ்பீக்கர் இருந்தபோதும் இதே கதைதான், படிப்பக்கம்தான் அதிகம். ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நேற்றும் நீங்கள் நடுவில் எழுந்து போய் எதையோ திருகினீர்கள், உடனே படிப்பக்கம் இன்னும் கூடியது. சந்தைப் பார்த்து உட்கார்ந்தால் அது உங்கள் இடது பக்கம்.

இடது பக்கத்தை ஏன் இப்படி ஏற்றுகிறீர்கள்? அது அங்கே ஏற்கெனவே சத்தமாகத்தான் இருக்கிறது.

ஃபுமியே


அக்டோபர் 27

தொகோரோ அவர்களுக்கு,

என் காது முப்பது வருடம் புயலுக்கு நடுவில் மற்றக் கப்பல்களின் சன்னமான சிக்னலைப் பிடித்த காது. அதற்குச் சான்றிதழ் இருக்கிறது.

இடது பெட்டியில் கோளாறு. கடையில் சொல்லி மாற்றிக்கொள்வேன். தங்களுக்கு வேண்டியது சத்தம் கீழே வரக்கூடாது என்பது மட்டும். அதைப் பற்றி மட்டும் எழுதவும்.

உகாய்


அக்டோபர் 28

உகாய் அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கோபம் தீர்ந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பொதுப் போனில் 117 சுழற்றுங்கள், நேரம் சொல்லும் பெண் பேசுவாள். முதலில் வலது காதில் வையுங்கள். பிறகு இடது காதில்.

பெட்டியில் கோளாறா என்று அவள் சொல்லிவிடுவாள். உங்கள் காதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்றால், இருந்துவிட்டுப் போகட்டும். ஏழு மாதமாக அந்தக் காதுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவள் நான்தான்.

ஃபுமியே


நவம்பர் 9
நகர மருத்துவமனை, மூன்றாம் மாடி

தொகோரோ அவர்களுக்கு,

117 சுழற்றினேன். வலது காதில் அந்தப் பெண் மணி சொன்னாள். இடது காதில் யாரும் இல்லை. போனைக் குறை சொன்னேன். ரயில் நிலையத்துக்கு நடந்துபோய் வேறு போனில் பார்த்தேன். அங்கேயும் யாரும் இல்லை.

டாக்டர் இளைஞர், வேகமாகப் பேசுகிறார். “இடது காது முழுசாப் போயிடுச்சுங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். மருந்து ஏத்திப் பாப்போம், ஆனா பெருசா எதிர்பாக்காதீங்க.”

“பாட்டு கேக்கலாமா?” என்றேன்.

“தாராளமா! எல்லாம் கேக்கும். எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மட்டும் தெரியாது. அவ்வளவுதான்.”

நல்ல செய்தி சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் தலையசைத்தேன். அறைக்கு வந்த பிறகு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், நர்ஸ் பார்க்கும்படி.

ஹெட்போனில் எல்லாச் சத்தமும் தலைக்குள்ளேயே கேட்கும். முப்பது வருடமாக என் மண்டைக்குள் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது, தலைக்கு வெளியே, எனக்கு எதிரே, நாலு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது. அதற்குத்தான் இரண்டு ஸ்பீக்கர், அதற்குத்தான் கரை. கேட்டது அவ்வளவுதான். இப்போது நாலு பேரையும் வலது மூலையில் அடைத்துவிட்டார்கள்.

ஆகவே ஸ்பீக்கர் வேண்டாம். சிறு ரேடியோ போதும். தாங்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஒரு உதவி. கடன் வாங்கிய பெட்டிகள் அறையிலேயே இருக்கின்றன, தவணை தாண்டிவிட்டது. வீட்டுக்காரம்மாவிடம் சாவி இருக்கிறது. ஹிராய் நிப்போன்பாஷிப் பக்கம் போனால் மக்கினோவிடம் கொடுத்துவிடச் சொல்லவும். முன்பு எழுதிய கடுமைக்கு மன்னிக்கவும். தாங்கள் சொன்னது சரி.

உகாய் தெட்சுரோ


நவம்பர் 16
அறை 102

உகாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். என் தூக்கத்தைக் கெடுத்து, வேலைக்கே உலை வைத்து, துண்டுச் சண்டை போட்டு, இந்த ஆண்டுக்குள் வாங்கியே தீருவேன் என்று எனக்கு எழுத்தில் கொடுத்த மனிதர், இப்போது சிறு ரேடியோ போதும் என்று கம்பி நீட்டப் பார்க்கிறார். அதெல்லாம் நடக்காது.

சாவி வாங்கி உங்கள் அறைக்குப் போனேன். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது, மாடிப்படி ஏறியது இதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு திண்டு, சுவரோரம் தட்டுகள், வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவு காலியான அறையிலிருந்தா அவ்வளவு சத்தம் வந்தது என்று நின்றேன். பிறகு திண்டில் உட்கார்ந்து அந்த நாலு பேர் தட்டைப் போட்டேன். இடப்பக்கச் சத்தம் கூடும்படி நீங்கள் தள்ளி வைத்திருந்த திருகை நடுவுக்குக் கொண்டுவந்தேன். நான் சங்கீதம் தெரிந்தவள் இல்லை, வாழ்க்கை முழுக்கக் கேட்டதெல்லாம் அடுத்தவர் பேச்சு. ஆனால் திருகு நடுவுக்கு வந்ததும் அவர்கள் ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. நீங்கள் எதை இழந்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே கொஞ்சம் அழுதேன். நர்ஸ் யாரும் பார்க்கவில்லை, அந்த வகையில் உங்களைவிட எனக்கு அதிர்ஷ்டம்.

நேற்று ஹிராயின் சலவை வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானே மக்கினோ கடைக்குப் போனேன்.

“எத்தனை பாய் ரூமும்மா?”

“ஆறு.”

“எந்த மாதிரி மியூசிக் கேப்பீங்க?”

“தொழிற்சங்கக் கூட்டம்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தேன், இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தது, ஏழு பேர் ஒரே நேரத்தில் கத்துவது. வயலினுக்கு எனக்கு நியாயம் சொல்லத் தெரியாது. மனிதக் குரல் என்றால் என்னை ஏமாற்ற முடியாது. கடை முழுக்க போனஸ் சண்டை ஓடியது. ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

முதல் ஜோடி, பளபளப்பானது. எல்லோரும் பல்லிடுக்கில் காற்று விட்டுப் பேசுவதுபோல் சீறியது. அது வேண்டாம். நீங்கள் எடுத்த சாப்பாட்டுப் பெட்டியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு, ஆனால் பேசுகிறவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லை. அப்போது மூலையில், துணி போர்த்திய முகத்தோடு ஒரு ஜோடி இருந்தது. பழைய மாடல், ஒன்றின் பக்கப்பலகையில் அடிபட்ட தழும்பு, அதனால் விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். அதைப் போடச் சொன்னேன். டேப்பில் சங்கப் பொருளாளர் இருமினார். இடது ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இருமினார்! அந்த டேப்பை நான் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன், அவர் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நேற்றுதான் தெரிந்தது. அதில் அடித்தொண்டைச் சத்தமும் அளவாக இருக்கிறது, என் கோப்பை நடுங்காது.

“இது,” என்றேன்.

“சரி, கேப்டன் ஏன் வரல?”

சொன்னேன். அவர் முகம் வாடியது. நல்ல மனிதர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப ஒண்ணு போதுமேம்மா. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து ஒரே ஸ்பீக்கர்ல விடுற மாதிரி நான் இணைச்சுத் தர்றேன். பாதி விலைதான். ஒத்தக் காதுக்கு வித்தியாசமே தெரியாது.”

“ரெண்டு குடுங்க.”

“வீண் செலவும்மா. நான் கடைக்காரன், நானே சொல்றேன்.”

“ரெண்டு.”

“அப்ப இடது பக்கம் யாருக்கு?”

“அதைப் பத்தி உங்களுக்கென்ன? கட்டிக் குடுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, வேனில் வரும் வழியெல்லாம் அதே கேள்விதான். ஹிராய் வேறு, “என்ன, இன்னிக்கு வாயே திறக்கல?” என்று குடைந்துகொண்டிருந்தார். பணத்தை நீங்கள் வெளியே வந்ததும் கொடுத்தால் போதும் என்றார் மக்கினோ. பெட்டிகளை உங்கள் அறையில், சந்துப்பக்கச் சுவரில், சைக்கிள் ட்யூப் மேல் வைத்திருக்கிறேன். அடிபட்ட பக்கம் உள்பக்கமாக.

சீக்கிரம் வாருங்கள். வந்து, வேண்டாம் என்று என்னிடம் நேராகச் சொல்லிப் பாருங்கள்.

ஃபுமியே


நவம்பர் 18
நகர மருத்துவமனை

தொகோரோ அவர்களுக்கு,

மருந்து பலிக்கவில்லை. டாக்டர் நிறுத்திவிட்டார். இந்த மாதக் கடைசியில் அனுப்பிவிடுவார்களாம்.

தங்கள் கடிதத்தை முதலில் கோபத்தோடு படித்தேன். மக்கினோ சொன்னதுதான் கணக்குக்குச் சரி. ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடவும் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். எழுத வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவர், ஒரு கால் போய்விட்டது. நேற்று அவர் மனைவி செருப்பு வாங்கி வந்தார். ஒரு ஜோடி. அந்தம்மாவிடம் அவர் கத்தினார்: “ஒண்ணை என்னடி பண்றது?” அந்தம்மா சொன்னார்: “கடையில ஒத்தச் செருப்பு விக்கிறாங்களா? வாயை மூடிட்டுப் போடுங்க.” அவர் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார்.

நானும் மூடிக்கொள்கிறேன். நான் முடிவு செய்தது இரண்டு ஸ்பீக்கர். காது பாதியானதற்காக அறையையும் பாதியாக்க மாட்டேன். எதிரே சுவரில் இரண்டும் இருக்கும். எனக்குத் தெரியாவிட்டாலும் அந்த நாலு பேரும் இடம் மாறி உட்கார்ந்துவிட மாட்டார்கள்.

டிசம்பர் 6, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. திருகை நடுவிலேயே வைத்திருப்பேன். நடுவில்தான் இருக்கிறதா என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டும். கீழே இருந்து சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். திண்டு இன்னொன்று வாங்கிவிடுகிறேன்.

உகாய் தெட்சுரோ


டிசம்பர் 7, திங்கள்
அறை 102

உகாய் அவர்களுக்கு,

நேற்று உங்கள் அறையில் இருந்த நேரம் முழுக்க நான் பேசவில்லை. மரியாதை என்று நினைத்திருப்பீர்கள், அதெல்லாம் இல்லை. டேப் ஓடும்போது என் தொழிலில் வாய் திறக்கக்கூடாது. நீங்களும் பேசவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தீர்கள், என்ன என்று கேட்க உங்களுக்கு வீம்பு. இதுதான் அது. இன்று காலை நல்ல தாளில் திருத்தி எழுதினேன். இனி தட்டைப் போட்டால் இதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கூட்டத்துக்கு எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன், வேறு மாதிரி எனக்கு எழுதத் தெரியாது. திருகு நடுவில்தான் இருக்கிறது. தொடாதீர்கள்.

வந்திருந்தவர்கள்: இடது ஓரம் முதல் வயலின். அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டாம் வயலின். நடுவுக்கு வலப்பக்கம் வியோலா. வலது ஓரம் செல்லோ.

முதல் பகுதி.
செல்லோ (வலது ஓரம்): பேச்சை ஆரம்பிக்கிறார். அவசரமில்லை.
இரண்டாம் வயலின் (இடது, உள்ளே): ஆமாம் ஆமாம் என்கிறார். இவர் இந்தக் கூட்டம் முழுக்க அதைத்தான் சொல்வார்.
முதல் வயலின் (இடது ஓரம்): செல்லோ முடிப்பதற்குள் குறுக்கிடுகிறார். கொஞ்சம் கர்வி.
வியோலா (நடுவுக்கு வலது): ஏதோ சொல்கிறார், விளங்கவில்லை.
நால்வரும் ஒன்றாக. சண்டை இல்லை.
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார். இடப்பக்கம். இது தட்டிலேயே இருக்கிறது, வாசிப்பில் சேர்ந்தது இல்லை. ஆனால் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் பகுதி. மெதுவானது.
முதல் வயலின் (இடது ஓரம்): தனியாக. முதல் பகுதியில் இவரைக் கர்வி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.
செல்லோ (வலது ஓரம்): பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரே ஒரு நீண்ட பதில்.
முதல் வயலின் (இடது ஓரம்): அதே கேள்வி, இன்னும் சன்னமாக.

இந்த இடத்தில் நீங்கள் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன், ஆனால் நான் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சரியான பக்கம்தான் திரும்பினீர்கள். அவர் அங்கேதான் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஃபுமியே